பூங்காவைப் பங்கு போட்டவர்

இடம் பிடிக்கிறவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிகிறவர்கள். அவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பாவம், தங்களுக்கென்று ஒரு சீட்டைத் தேடுகிறார்கள், கிடைத்ததும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுகிறார்கள், அவர்களால் ஊருக்கு உபத்திரவம் இல்லை. நான் சொல்ல வருவது இன்னொரு இனம். இடம் ஒதுக்குகிறவர்கள். தனக்கென்று ஒன்றும் தேடாமல், மற்றவர்கள் எங்கே உட்கார வேண்டும், எங்கே நிற்க வேண்டும், செருப்பை எங்கே விட வேண்டும், சாய்ந்துகொள்ளலாமா, சாய்ந்தால் எந்தப் பக்கம் சாயலாம் என்று தீர்மானிப்பதற்காகவே பிறவி எடுத்தவர்கள்.

கல்யாண வீட்டில் சந்தித்திருப்பீர்கள். ஃபேனுக்கு நேர் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்து, அதில் ஈரம் இருக்கிறதா என்று தடவியும் பார்த்து, அப்பாடா என்று உட்காருகிறீர்கள். "சார், நீங்க இப்படி வாங்க" என்று ஒரு குரல். எதற்கு வர வேண்டும்? கேட்க முடியாது. முகத்தில் அவ்வளவு அன்பு. எழுந்து போகிறீர்கள். அங்கே ஃபேன் இல்லை. போகட்டும், நீங்கள் விட்டுவந்த நாற்காலியில் யாரோ பெரிய மனிதர் உட்காரப் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பார்த்தால், பந்தி முடிகிறவரை அது காலியாகவே கிடக்கிறது. சாவு வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவர்தான். "மாலை போடறவங்க இந்தப் பக்கம், அழறவங்க அந்தப் பக்கம்." மாலையும் போட்டு அழவும் வேண்டியவர்கள் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் குப்பத்தில் இந்த இனத்துக்கு ஒரே ஒரு ஆள். பெயர் சிங்காரம். ஒருவரே தாராளம்.

அவருக்கு இது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிற இடத்தை நாங்கள் பாடு என்போம். இறால் அள்ளிக் கொடுக்கிற பாடும் உண்டு, பாசியும் சேறும் மட்டுமே ஏறுகிற பாடும் உண்டு. எல்லோரும் நல்ல பாட்டுக்கே ஓடினால் மண்டை உடையும். அதனால் எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். விழுந்த சீட்டு விழுந்ததுதான். அடுத்தவன் முறையில் அவன் பாட்டுக்குள் நுழைந்தவன் கோயில் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். நல்ல ஏற்பாடு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இடம் கொடுப்பது மனிதன் அல்ல, சீட்டு.

எப்போதோ ஒரு தடவை, வழக்கமாகச் சீட்டுச் சட்டியைப் பிடிக்கிறவருக்குக் காய்ச்சல் கண்டபோது, பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த சிங்காரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டார். சட்டியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தும் விட்டார். ஆனால் இடம் கொடுத்தது சட்டிக்குள் இருந்த சீட்டு இல்லை, சட்டியைப் பிடித்த தன் கைதான் என்று ஒரு நினைப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து துறையில் எந்தப் படகை எங்கே கட்டுவது, ஏலம் போடுகிற இடத்தில் எந்தப் பெண் எங்கே கூடையை இறக்குவது, பொன்னேரி பஸ்ஸில் யார் ஏறியதும் யார் எழுந்திருப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தால், "சார் அந்தக் கல்லாண்ட நில்லுங்க, மேடம் இந்தக் கல்லாண்ட" என்று போட்டோவுக்கு நிறுத்துவார். முந்நூறு வருஷமாக அங்கே படுத்திருக்கிற டச்சுக்காரர்களைத்தான் இன்னும் எழுப்பி இடம் மாற்றவில்லை.

கெட்ட மனிதரா? சேச்சே. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். அவருடைய தங்கை அமுதவல்லி அக்காவை ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே சாய்ந்துவிட்டான். காரியம் முடிந்த கையோடு சிங்காரம் அந்த வீட்டைப் பூட்டி, தங்கையையும் அவள் மகள் சுபஸ்ரீயையும் கூட்டிவந்து தன் வீட்டின் பின்பக்கத்து அறையில் இடம் கொடுத்தார். வலை மூட்டைகள் வைத்திருந்த அறை. மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார், தங்கையை மறு பக்கமாக ஒதுக்கினார். இந்தக் காலத்தில் எந்த அண்ணன் செய்வான் என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன். அக்காவுக்கு விடிந்தால் நண்டுக் கூடையோடு பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போவது, வெயில் ஏறினால் திரும்பி வந்து அண்ணன் வீட்டுப் பாத்திரம் கழுவுவது என்று காலம் போயிற்று.

சுபஸ்ரீ படித்தாள். பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் பொன்னேரி கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிக்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அப்படித்தான் அவளுக்கு வந்த வரன் விஷயம் எனக்குத் தெரிந்தது. பையன் பெயர் லோகேஷ். எங்கள் பக்கத்துக் குடும்பம்தான், பெங்களூருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. பையன் லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஜெயம்மா சிவாஜி நகரில் மீன் கடை வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பஜ்ஜி தின்று, பிறகு வேண்டாம் என்று சொல்வதில் இரண்டு பக்கமும் மனக்கஷ்டம். அதனால் ஜெயம்மா ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லோரும் பெங்களூரில் கப்பன் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வாருங்கள், நாங்களும் அன்றைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறோம். பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் பூங்கா பார்த்த கணக்கு.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சுபஸ்ரீக்குத்தான் ஒரு கவலை.

"எங்கம்மாவ அந்தப் பின் ரூம்புல உட்டுட்டு நான் பெங்களூர்ல குடித்தனம் பண்ணா எனக்குச் சோறு எறங்குமாண்ணா? எங்கம்மாவும் எங்கூட வரும்னு அவர்கிட்ட சொல்லணும். சரின்னா கட்டிக்கிறேன். இல்லன்னா வேணாம்."

"சொல்லிடேம்மா."

"எல்லாரும் உக்காந்துகினு இருக்கும்போது கேட்டா அவங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கினுதான் பதில் சொல்லுவாரு. தனியா கேக்கணும். அஞ்சு நிமிசம் போதும்ணா. மாமா உடுவாரா?"

அவ்வளவு பெரிய பூங்காவில் இரண்டு பேர் ஐந்து நிமிஷம் பேச இடமா இல்லை என்றேன். சிங்காரத்தை இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தும் அப்படிச் சொன்னேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்வது?

பெண் வீட்டு ஆட்களோடு நானும் ஏறிக்கொண்டேன், வேனிலேயே ஆரம்பித்துவிட்டது. வாந்தி எடுக்கிறவர்களை ஜன்னல் ஓரம் உட்கார வைப்பது உலக வழக்கம். சிங்காரம் நடுவில் வைத்தார். ஜன்னல் என்பது வெளியே பார்க்கிறவர்களுக்காம். வாந்தி எடுக்கிறவர்கள் எப்படியும் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறார்கள், அவர்களுக்கு ஜன்னல் எதற்கு? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவருடைய அத்தை காசியம்மாள், "நைனா, எனுக்கு வயித்தப் பொரட்டுதுடா, ஓரமா குடுடா" என்று கெஞ்சிப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லணும் அத்தே, இப்ப எல்லாருக்கும் எடம் குடுத்தாச்சு" என்றார். வாணியம்பாடி தாண்டியதும் காசியம்மாள் தன் இடத்திலிருந்தே எல்லோருக்கும் பங்கு கொடுத்தாள். என் புதுச் சட்டைக்கும் கிடைத்தது.

வெள்ளைக்காரன் ஊரின் நட்டநடுவில் தனக்காக உண்டாக்கி வைத்த பூங்கா அது. வானத்தை மறைக்கிற மரங்கள், காற்றடித்தால் கதவு மாதிரி கிரீச்சிடும் மூங்கில் புதர்கள், மரங்களுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் கட்டடங்கள், பட்டாளத்து ஆட்கள் அந்தக் காலத்தில் வாத்தியம் வாசிப்பதற்காகக் கட்டிய மண்டபம், கல் சிலையாக நிற்கும் வெள்ளைக்கார ராணி. முதல் தடவை பார்க்கிற எவனும் அண்ணாந்து பார்த்து ஒரு நிமிஷம் வாயடைத்துப் போவான். சிங்காரமும் வாயடைத்துத்தான் போனார். ஆனால் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

"இம்மாம் எடம்! குடுக்க ஒரு ஆளு இல்ல பாரு!" என்றார். குரல் தழுதழுத்தது.

வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூங்கில் ஓரம் ஆம்பளைகளுக்கு. பெரிய மரத்தடி பொம்பளைகளுக்கு. நிழலில் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்த இரண்டு பெஞ்சுகளில் ஒன்று பெண் வீட்டுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. தங்கைக்குத் தனியாக, சற்றுத் தள்ளி, வெயிலில் ஒரு பெஞ்சு. விதவையை முன்னால் உட்கார வைத்தால் யாராவது ஏதாவது சொல்வார்களாம். அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே அவர்தான். அமுதவல்லி அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தார்.

எங்கள் ஆட்களோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அன்று சனிக்கிழமை. அந்த ஊரில் ஒரு பழக்கம், சனிக்கிழமை காலையில் படித்த பிள்ளைகள் பாயும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வந்து புல்லில் படுத்துக்கொண்டு, ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல், ஆளுக்கொரு புத்தகம் படிக்கிறார்கள். முதலில் அதைப் பார்த்துச் சிங்காரம் பதறினார். ஏதோ விஷக் காய்ச்சல் கும்பல் என்று நினைத்துவிட்டார். படிக்கிறார்கள் என்று நான் விளக்கியதும் தெளிந்து, நேரே போய், "தம்பிங்களா, படிக்கறவங்கள்லாம் ஒரு ஓரமா வாங்க. தடிப் புஸ்தவம் வெச்சிருக்கறவங்க அந்தாண்ட, சின்னப் புஸ்தவம் இந்தாண்ட" என்றார். கையால் காட்டினார். நம்புங்கள், நகர்ந்தார்கள். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமலே பாயோடு நகர்ந்தார்கள். ஒரு நாயும் நகர்ந்தது. விசிலோடு வந்த காவலாளிகூட அவருடைய வெள்ளை வேஷ்டியையும் நீட்டிய கையையும் பார்த்து யாரோ மேலதிகாரி என்று எண்ணி, அவர் காட்டிய மரத்தடியில் போய் நின்றுகொண்டார். இதுதான் இந்த இனத்தின் ரகசியம். கையை நீட்டி இடத்தைக் காட்டினால் முக்கால்வாசிப் பேர் போய்விடுகிறார்கள். எதற்கு என்று கேட்க நமக்குச் சோம்பல். நாம் போகப் போக அந்தக் கை நீளமாகிறது.

ராணியையும் விடவில்லை. "இந்தம்மா இன்னாத்துக்கு வெயில்ல நிக்குது? பின்னாடி அத்தினி நிழல் கீது" என்று வருத்தப்பட்டார்.

ஜெயம்மாவும் லோகேஷும் வந்தார்கள். ஜெயம்மா வாட்டசாட்டமான பொம்பளை, சத்தமான சிரிப்பு. வந்ததும் வராததுமாகப் பெண்ணின் பக்கத்தில் உட்காரப் போனவளைச் சிங்காரம் கைகூப்பி மறித்து அவளுக்குரிய பெஞ்சுக்கு அனுப்பினார். அந்தப் பெஞ்சுக்கு நேர் மேலே காக்கைக் கூடு. பையனை ஜெயம்மாவின் பக்கத்தில் வைத்தார். சுபஸ்ரீயை மற்ற பெஞ்சில் வைத்தார். நான்தான் சொன்னேனே, முதுகோடு முதுகு பெஞ்சுகள். பெண் பார்க்க வந்த பையன் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு பக்கமும் பார்க்கிற ஒரே ஆளாக, பெஞ்சுகளின் தலைப்பில், சிங்காரம்.

ஜெயம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கேட்டே விட்டாள்.

"அண்ணா, நாம பேசறது இருக்கட்டும். புள்ளைங்க ரெண்டும் கொஞ்சம் தனியா பேசிக்கட்டுமே."

"தாராளமா!" என்றார் சிங்காரம். சுபஸ்ரீ சட்டென்று நிமிர்ந்தாள். "எடம் பாத்துக் குடுக்கறேன், இருங்க."

அவள் தோள் தொங்கிப் போனது.

இடம் பார்க்கிற வேலை முக்கால் மணி நேரம் நடந்தது. மூங்கில் அடி சரிப்படவில்லை, பாம்பு இருக்குமாம். வாத்திய மண்டபம் சரிப்படவில்லை. மேடை மாதிரி இருக்கிறதாம், பெண் மேடையில் உட்காரலாமா? ஒரு நல்ல மரத்தடியில் ஏற்கெனவே ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. சிங்காரம் அவர்களிடம் போய், "உங்க மொற எப்ப முடியுது?" என்று தமிழில் கேட்டார், பிறகு தெலுங்கில் கேட்டார். அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓட்டமாக நடந்தாள். பையன் பின்னாலேயே ஓடினான். காலியான அந்த இடத்தைச் சிங்காரம் நின்று பார்த்து, "ரொம்ப இருட்டா கீது" என்று தள்ளிவிட்டார்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? புல்வெளியின் நட்ட நடு. நான்கு பக்கமும் பார்வை. வேனிலிருந்து பாய்களைக் கொண்டுவரச் செய்து, ஒன்றை இரண்டாக மடித்து அதில் அவளையும், இன்னொன்றைச் சற்றுத் தள்ளி விரித்து அதில் அவனையும் உட்கார வைத்தார். "இது உங்க எடம். ஒருத்தனும் இங்க வர மாட்டான்" என்றார். சொன்னதோடு விட்டாரா? சுற்றி வர ஆரம்பித்தார். அந்தப் பக்கம் வந்த பந்தை எட்டி உதைத்தார். "போவாதீங்க, போவாதீங்க, அங்க பொண்ணும் புள்ளையும் தனியா பேசுதுங்க!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் உரக்கச் சொன்னார். காலையிலிருந்து நிமிராத அந்தப் புத்தகக் கும்பல் முதல் தடவையாகப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தது. தமிழ் தெரிந்த ஒரு பெண் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள். கொஞ்ச நேரத்தில் பூங்காவின் அந்தப் பகுதி முழுக்க, ஐஸ்கிரீம் விற்கிறவர் உட்பட, இரண்டு பேர் தனியாகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுபஸ்ரீ வாயைத் திறந்தாள். மூடினாள். லோகேஷ் புல்லைப் பிடுங்கினான். ஒரு பெண் தன் வாழ்க்கையையே அந்த ஒரு கேள்வியில் வைத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்திருக்கிறாள், அதைக் கேட்க ஐந்து நிமிஷ நிழல் இல்லை. இத்தனைக்கும் அங்கே மரத்துக்கு என்ன பஞ்சம்?

அப்போதுதான் அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"நடக்கலாங்களா?" என்றாள்.

அவன் துள்ளி எழுந்தான். நடந்தார்கள்.

சிங்காரத்துக்கு இது புரியவே இல்லை. "எங்க போறீங்க? எடம் இங்க கீது! எடம் இங்க!" என்று பாயைக் காட்டினார். உட்காருகிறவர்களுக்கு அவர் ஆயிரம் இடம் கொடுப்பார். நடக்கிறவர்களுக்கு என்ன கொடுப்பார்? பின்னாலேயே ஓடிப் பார்த்தார். வளைவில் குறுக்கு வழியாக மடக்கலாம் என்று பூப்பாத்திக்குள் காலை வைத்தார். காலையில் அவரே ஒரு மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்த காவலாளி, அதே மரத்தடியிலிருந்து விசில் ஊதினார். பாத்தியில் கால் வைத்தால் மேலதிகாரி ஆனாலும் விசில்தான் போலிருக்கிறது. சிங்காரம் ஒற்றைக் காலில் நின்றார். அதற்குள் இருவரும் மரங்களுக்குள் மறைந்துவிட்டார்கள்.

பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் இருக்கும்போதே, ஒரு மூச்சில் சொன்னாள்.

"எங்கம்மா எங்கூடதான் இருக்கும். இவரு சரின்னுட்டாரு."

ஜெயம்மா மகனைப் பார்த்தாள். அவள் சிரித்துவிட்டாள். "வரட்டுமே! நான் ஒண்டியா கடையில அல்லாடறேன். எம்பக்கத்துல உக்காந்து மீன் அரிஞ்சா எனக்கும் ஒரு தொணையாச்சு."

"ஹால்ல ஒரு கட்டில் போட்டுட்டா போதும்" என்றான் லோகேஷ்.

"ஹால்ல வேணாங்க, டீவி சத்தம். நம்ம ரூம்பு பக்கத்துல பால்கனிய அடைச்சிடலாம்" என்றாள் சுபஸ்ரீ. அதற்குள் 'நம்ம ரூம்பு'.

"அதெப்பிடி?" என்று கிளம்பினார் சிங்காரம். "கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் கீறேன். அமுதா எடம் எங்கூட்லதான். அப்பிடியே வந்தாலும் பால்கனி வேணாம், காத்து ஆவாது. சமையக்கட்டு ஓரமா கட்டிலப் போடுங்க. தல தெக்கால இருக்கட்டும்." அந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

பேச்சு சூடு பிடித்தது. ஹாலா, பால்கனியா, சமையலறையா? நான் கோர்ட்டு வாசலில் பாகப் பிரிவினை மனு டைப் அடித்தே வயிறு கழுவுகிறவன் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. "எதுக்குச் சண்டை? ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க" என்று ஒரு தீர்ப்புச் சொன்னேன். நல்ல யோசனை என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது.

"என்ன யாருனா ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அமுதவல்லி அக்கா. வெயில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கத்தவில்லை. மார்க்கெட்டில் விலை சொல்கிற குரல்தான்.

"அம்மா, உனுக்காகத்தாம்மா நானு..." என்று ஆரம்பித்தாள் சுபஸ்ரீ.

"தெரியும். புள்ள நல்லா கீறான், கட்டிக்கோ. என்ன வெச்சி அதுக்குக் கண்டிசன் போடாத. எனுக்கு ஹாலும் வேணாம், பால்கனியும் வேணாம். உங்க மாமன் ரூம்பும் வேணாம். பசியாவரத்துல எனுக்கு ஊடு கீது. நான் அங்க போயிடறேன்."

"ஒண்டியாவா?" என்று நான்கைந்து பேர் ஒரே குரலில் கேட்டோம். நானும்தான்.

"ஒண்டியாத்தான். அந்த மனுசன் போனதுலருந்து, ஒரு நாளு ஒண்டியா உக்காந்து அழறதுக்கு எனுக்கு எடம் இல்ல. அந்தாண்ட திரும்புனா அண்ணி, இந்தாண்ட திரும்புனா வல மூட்ட. நான் எங்க கெடக்கணும்னு அத்தினி பேரும் நல்லாத்தான் பாக்கறீங்க. எங்க இருக்கணும்னு எனுக்கே தெரியும்னு ஒருத்தருக்கும் தோணல."

சுபஸ்ரீ அழுதாள். அம்மாவுக்காக இத்தனை தூரம் வந்து, இத்தனை பேர் நடுவில் போராடி வாங்கிய இடத்தை, அம்மாவிடம் வேண்டுமா என்று கேட்க மட்டும் மறந்துவிட்டாள். எனக்கு அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆறு மாசம், ஆறு மாசம் என்று அந்தப் பொம்பளையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தவன் நான்.

சிங்காரம் மட்டும் தன்னிச்சையாகக் கையை நீட்டினார். எதையோ காட்டத்தான் நீட்டினார். எதைக் காட்டுவது என்று தெரியாமல் அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. "அங்க கூரையெல்லாம் போயிருக்கும் அமுதா" என்றார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி நாதியத்துப் போச்சுன்னு ஊரு சொல்லுமே."

"சொல்லட்டும்ணா. கூரைய மாத்திக் குடு, போதும். உள்ள எது எங்க வெக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்."

கல்யாணம் தை மாசம் நடந்தது. அக்கா அதற்கு முன்பே பசியாவரத்துக்குப் போய்விட்டார். கூரையைச் சிங்காரம்தான் தன் கையால் மாற்றிக் கொடுத்தார். குறை சொல்லக் கூடாது, ஒழுகாத கூரை. மாற்றி முடித்து இறங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "அடுப்பு இந்த மூலையில..." என்று ஆரம்பித்தாராம். அக்கா கதவைச் சாத்திவிட்டார். போன வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது கதவு திறந்துதான் இருந்தது. அக்கா நட்ட நடு வீட்டில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஒன்றும் செய்யவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தேன். வந்துவிட்டேன்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். எங்கள் தெருவில்கூட ஒரு சிங்காரம் உண்டு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். நீங்கள் அந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் பாத்தியில் கால் வைக்கிறவர் இல்லை, காதலர்களை எழுப்புகிறவர் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ இருந்தால், அவர்கள் படுக்கிற அறை எது? பாத்ரூமுக்குப் பக்கம், படி ஏற வேண்டாம், சத்தம் இல்லை, மருந்து வைக்க அலமாரி இருக்கிறது. எல்லாம் சரி, எவ்வளவோ யோசித்துத்தான் கொடுத்திருப்பீர்கள். அதை அவர்கள் கேட்டு வாங்கினார்களா?

போய்க் கேளுங்கள். இப்போதே கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், "எதுக்கு நிக்கறீங்க, இப்படி வந்து உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.